மரக்காணம் சாலையில் எதிர்காற்று

ஞாயிறு மாலைகளில் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் கடற்கரைக்கு மிதிவண்டியில் செல்லும்போது, தண்டபாணி எப்போதும் சவரிநாதனின் பின்னாலேயே ஒட்டிச் செல்வார். முன்னால் செல்பவர் கடற்காற்றைத் தாங்கிக்கொண்டால் பின்னால் வருபவருக்கு மிதிப்பது எளிது.

"என் முதுவுலயே குடித்தனம் பண்ணிக்கினு வர்றியே, ஒருநாளாவது முன்னாடி போயேன்பா" என்பார் சவரிநாதன்.

"அடுத்த வாரம் போறேண்ணே."

நெஞ்சு வலிக்கிறது என்று சவரிநாதன் சொன்ன அன்றும் தண்டபாணி முன்னால் செல்லவில்லை. உப்பளத்தருகே அண்ணன் சரிந்து விழுந்து இறந்தார்.

அடக்கம் முடிந்த மறுஞாயிறு தண்டபாணி தனியே சென்றார். எதிர்காற்றில் பனையோலைகள் படபடத்தன. அவருடைய சட்டை மட்டும் அசையவில்லை. மிதிப்பது வழக்கம்போல் எளிதாகவே இருந்தது.

"போதும்ண்ணே, பின்னாடி வாங்க" என்றார். வெறும் சாலையில் வலப்புறம் ஒதுங்கி, மூச்சிரைக்க மிதித்து முந்தினார். காற்று மார்பில் அறைந்தது. கடற்கரை வரை தண்டபாணி முன்னாலிருந்து விலகவே இல்லை.