சின்னக் கீறல்

"என் பொண்ணு ரத்தத்தை எதுக்கு டெஸ்ட் பண்ணணும்? அவகிட்ட என்ன நோயைக் கண்டீங்க?"

போன் வந்ததும் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள் அம்மா. தோளில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பள்ளிக்கூட நர்ஸ், கட்டைவிரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு தலைகுனிந்து நின்றாள்.

"நோய்னு நான் சொல்லலம்மா. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தடுப்பு மாத்திரையை நேரத்தோட ஆரம்பிக்கணும்."

"ஊசி குத்தினது உங்களுக்கு, மாத்திரை என் பொண்ணுக்கா? நல்லா இருக்கே நியாயம்! ஒரு ஊசியை ஒழுங்காப் போடத் தெரியல, பேச்சு மட்டும் வக்கணையா இருக்கு."

கட்டிலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்த மகள் குறுக்கே புகுந்தாள். "நான்தாம்மா சர்க்கரை ஊசி போட வந்தப்போ துள்ளிட்டேன். அது சிஸ்டர் விரல்ல குத்தி, அதே வேகத்துல என் கையிலயும் கீறிடுச்சு. அவங்களுக்கு ரத்தம் சொட்டுது, அதைக்கூட பார்க்காம என் கையத்தான் கழுவிட்டே இருந்தாங்க."

"நீ சும்மா இரு, வாலு!"

பக்கத்தில் நின்ற தலைமையாசிரியை சலித்துக்கொண்டார். "சிஸ்டர், இத்தனூண்டு கீறலுக்கா ஊரைக் கூட்டறீங்க? ஒரு பிளாஸ்டர் ஒட்டினா தீர்ந்துச்சு. பயமா இருந்தா நீங்க போய் டெஸ்ட் எடுத்துக்கோங்க."

"முதல்ல குழந்தை போகட்டும் மேடம்."

"எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு இவ போனாள்னு வெளிய தெரிஞ்சாலே போதும்." அம்மாவின் குரல் உடைந்தது. "நாளைக்கு இவ பக்கத்துல எந்தப் பிள்ளை உக்காரும்? யார் இவளைத் தொடுவா? எந்திரிடி, வீட்டுக்குப் போலாம்."

மகளின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நர்ஸ் வாசலை மறித்து நின்றாள். வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுக்க வரும் வழக்கமான கூட்டம் வெளியே எட்டிப் பார்த்துச் சிரித்தது. இந்தப் பிள்ளைகளை விட்டால் அவளை ஆசையாகக் கூப்பிட ஒருவரும் கிடையாது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"வழியை விடுங்க! என் பொண்ணுக்கு ஒரு நோயும் கிடையாது!"

"தெரியும்மா. நோய் இருக்கறது எனக்கு."