கருத்துக்கு முழு மதிப்பெண்

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் சொல்லும் கருத்தை அரசாங்கங்கள் நிஜமென்று நம்பத் தொடங்கிய காலம் அது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவனிடம் போய்ச் சேரப் பாளையங்கோட்டை ஜெபசெல்விக்கு அந்தத் தேர்வு தேவைப்பட்டது. வெளிநாட்டில் குடியேறுவது நல்லதா என்பதுதான் விவாதத் தலைப்பு.

“கூடாதுன்னு பேசும்மா. அதுக்குத்தான் நம்ம சென்டர்ல எழுதிவச்ச பாயிண்ட்டு அதிகம்” என்றார் பயிற்சி மையத் தங்கதுரை.

“போறதுக்குத்தான சார் பரீட்சையே எழுதுதேன்?”

“நீ எங்க வேணாலும் போ. கருத்து என்ன, உன்னோடதா?”

பெற்றோர், பிறந்த மண், தாமிரபரணித் தண்ணீர் என்று அவளும் ஆங்கிலத்தில் உருகினாள். முழு மதிப்பெண் கிடைத்தது. தங்கதுரை பேருந்து நிலையத்தில் அவள் படத்தோடு பேனர் கட்டினார்.

மறுவாரமே விசா அதிகாரி திரையில் தோன்றி, விசா இல்லை என்றார்.

“ஐயோ சார், அது சும்மா மார்க்குக்குச் சொன்னது!”

“உங்கள் அடக்கம் புரிகிறது. உங்கள் பேச்சைக் கேட்டு எங்கள் அலுவலகமே கண்கலங்கியது. இனியும் உங்களைப் பிரித்துவைக்க எங்களுக்கு மனமில்லை. உங்கள் கணவரை இன்று காலையே விமானம் ஏற்றிவிட்டோம்.”