பச்சை எரிந்தபோது

கவனக்குறைபாடு உள்ளவர்கள் மணிக்கட்டில் பட்டை கட்ட வேண்டும் என்றானதிலிருந்து தணிகைக்கு வீட்டிலும் நிம்மதியில்லை. கவனித்தால் பச்சை எரியும், மனம் அலைந்தால் சிவப்பு.

மனைவி சுகந்தி டாக்டர் சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சாவிக்கொத்தை உருட்டியபடி கேட்டான். கை சும்மா இருந்தால் அவனுக்குக் காது கேட்காது. பட்டை சிவந்தது.

“என் உடம்பைப் பத்திப் பேசறேன். அதுகூட மனசுல ஏறலையா?”

“கேட்டுட்டுதானே இருக்கேன்! கட்டி சின்னது, ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னே.”

“அப்புறம் ஏன் சிவப்பு?”

எரிச்சலோடு சாவியைத் தூர வைத்துவிட்டு அவள் முகத்தையே வெறித்தான். பச்சை எரிந்தது. சுகந்தி சமாதானமாகி, கண் கலங்க மீதியையும் சொல்லி முடித்தாள்.

“சொல்லுங்க, ரெண்டுல எதுக்குச் சம்மதிக்கட்டும்?”

பச்சையை அணையாமல் காப்பதிலேயே குறியாக இருந்தவனுக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழுந்திருக்கவில்லை.