உடையாத மட்டை

"பன்னிரண்டு வருஷமா உடையாத கிரிக்கெட் பேட்டை வித்திருக்கீங்களே, உங்களுக்கே இது நியாயமா இருக்கா?"

மட்டைக்காரருக்குக் கையிலிருந்த உளி நழுவப் பார்த்தது. இத்தனை வருஷத் தொழிலில் 'உடைஞ்சுபோச்சு' என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். 'உடையலை' என்று மல்லுக்கு வந்தது இந்த அம்மாள் ஒருத்திதான்.

வந்தவள் துணியில் சுற்றியிருந்த பழைய மட்டையை மேஜைமேல் தொப்பென்று போட்டாள். அவர் செதுக்கியதுதான். அடர்த்தியான வில்லோ மரம், அவசரப்படாமல் காயவைத்தது. ஓரம் ஒல்லி, உடம்பு இரும்பு. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

"எப்படிம்மா உடையும்? மரம் அப்படி!"

"அதாங்க என் தலைவலி! என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்து மூணு வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு. இன்னும் ஒரு வருஷம் ஓடினா அப்புறம் ஊன்றுகோல்தான்னு டாக்டர் அடிச்சுச் சொல்லிட்டார். இவர் என்னடான்னா, 'ஆடற பேட் என் கையில உடையற அன்னிக்குத்தான் ஆட்டத்தை விடுவேன்'னு டீம் மொத்தத்துக்கும் முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு முன்ன சபதம் போட்டுட்டார். சொன்ன சொல் தவறமாட்டாராம், பெரிய இவரு!"

மட்டைக்காரர் அந்த மட்டையைத் திருப்பிப் பார்த்தார். முதுகெல்லாம் வடு. அடி விளிம்பில் சுண்ணாம்பு.

"ஏம்மா, நீங்களே உடைச்சுப் பார்த்தீங்களா?"

"சேச்சே, அந்தப் பாவத்தை நான் செய்வேனா?" என்றவள் குரலைத் தணித்தாள். "வெள்ளிக்கிழமை அவருக்குப் பொறந்தநாள். புது பேட் வாங்கித் தரப்போறேன். உங்ககிட்ட இருக்கறதுலயே நோஞ்சான் எது?"

கட்டின புருஷனையே ஏமாற்ற ஒருத்தி கிளம்பியிருக்கிறாள், அதற்கு நானா உடந்தை என்று மட்டைக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த முட்டிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மூலையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அம்மாடி! எவ்வளவு பெருசு!" என்று வாங்கியவள் முழித்தாள். "என்னங்க, பழசைவிட லேசா இருக்கு?"

"அடர்த்தி கம்மியான மரம். அதுலயும் ஈரத்தை ஒட்ட வத்த வெச்சுக் காயவெச்சது. எடை குறையறதால ஓரத்தைத் தடிமனா விட்டுச் செதுக்கலாம். பார்க்க பயில்வான், பந்தும் பறக்கும். ஆனா இவ்வளவு காஞ்ச மரம் சுள்ளி மாதிரிதான். நாலு மேட்ச் தாங்கினா அதிசயம்."

"இதையே கட்டுங்க!"

கட்டிக்கொடுத்தார். தன் பெயர் போட்ட ஸ்டிக்கரை மட்டும் உரித்து வைத்துக்கொண்டார். உடையும் என்று தெரிந்தே அனுப்புகிற மட்டையில் பேரை ஒட்ட அவருக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்ததும் ஒருத்தர் படிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். கையில் அதே புது மட்டை.

"ஆள் பெருசு, எடை இல்லை. அளவுக்கு மீறிக் காயவெச்ச மரம்," என்றார் வந்தவர், மட்டையைத் தூக்கிப் பார்த்தபடி. "ஸ்டிக்கரை வேற காணோம். முப்பது வருஷமா பேட் பிடிக்கறேன், எனக்கு இதுகூடத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

மட்டைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்புதான் சார். உங்க மேல இருக்கற பாசத்துலதான் அவங்க கேட்டாங்க. வீட்டுல போய் திட்டிடாதீங்க. நல்ல கெட்டி மரமா ஒண்ணு மாத்தித் தந்துடறேன்."

"ஐயையோ! மாத்திக்கீத்தி வெச்சுடாதீங்க!"

வந்தவர் பதறிப்போய் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து கிசுகிசுத்தார்.

"முட்டி வலியில உயிர் போகுதுங்க. வாய்க்கொழுப்புல சபதம் போட்டுத் தொலைச்சுட்டேன். அந்தப் பழைய பேட்டை ரெண்டு வருஷமா, அவ வெளியே போற நேரம் பார்த்து, கொல்லைச் சுவத்துல அடிச்சுப் பார்க்கறேன். சுவர்தான் உதிருது!"

மட்டைக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்புறம் எதுக்கு சார் இவ்வளவு தூரம் நொண்டிக்கிட்டு வந்தீங்க?"

"நான் கண்டுபிடிச்சுட்டேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கத்தான். நேத்து இதைக் குடுக்கறப்போ, புருஷனைக் காப்பாத்திட்டோம்னு அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அது அவளாலேயே நடந்ததா இருந்துட்டுப் போகட்டும்."

படியிறங்கப் போனவர் நின்று, மட்டையை ஒருமுறை ஆசையாகத் தடவிவிட்டுத் திரும்பினார்.

"ஏங்க, நாளைக்கு மேட்ச் இருக்கு. இது நாலு மேட்ச் தாங்கும் போலிருக்கே, கொஞ்சம் பலமா அடிச்சா நாளைக்கே உடைஞ்சுடுமா?"