திரும்பி வராத ஒன்று

ஐந்நூறு நீர் மூலக்கூறுகளைக் கணினிக்குள் ஒரு பெட்டியில் அடைத்து, அவை எப்படி அலையும் என்று கணக்கிடும் முறை ஒன்றை நான்கு வருடமாக உருவாக்கியிருந்தேன். கட்டுரையை அனுப்பவிருந்த காலையில், ஆய்வகத்தில் பக்கத்து அறை ஜெபசீலி டீயோடு வந்து திரையைப் பார்த்தாள். “திருப்பி ஓட்டிப் பாத்தீங்களா?” என்றாள். எரிச்சலாக இருந்தது. எல்லா வேகங்களையும் எதிர்த்திசைக்கு மாற்றி ஓட்டினால் ஒவ்வொன்றும் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். எனக்குத் தெரியாதா என்ன. “அதெல்லாம் வந்துரும்” என்றேன். அவள் போன பிறகு ஓட்டினேன். ஒன்று வரவில்லை. அதன் இடத்தைச் சுற்றியிருந்தவையும் லேசாக விலகி, அதற்காகக் காத்திருப்பவை போல நின்றன. திரும்பும் வழியில் அது சரியாகப் பெட்டியின் சுவர்க்கோட்டின் மேலேயே வந்த கணத்தில், என் நிரல் அதை உள்ளேயும் சேர்க்கவில்லை, வெளியேயும் சேர்க்கவில்லை. அந்த ஒரு கணம் அதற்கு அக்கம்பக்கமே இல்லாமல் போயிருந்தது. சுவரைச் சோதிக்கும் வரியில் நான் ஒரு சமக்குறியைப் போட விட்டிருந்தேன், அவ்வளவுதான். அதைச் சேர்த்து மறுபடி ஓட்ட மூன்று நாளாயிற்று. இதற்கிடையில் கட்டுரையின் நன்றிப் பத்தியைத் திறந்து பார்த்தேன். பதினோரு பெயர்கள் இருந்தன, அவள் பெயர் இல்லை. எழுதிச் சேர்த்தேன். அது போதும் என்று தோன்றவில்லை. ஐந்நூறும் புறப்பட்ட இடத்தின் வாசல்வரை வந்துவிட்டபோது, ஓட்டத்தை நிறுத்திவிட்டு இரண்டு டீயோடு போய் அவள் கதவைத் தட்டினேன். “கடைசி அடி ஒண்ணு பாக்கி வெச்சிருக்கேன் ஜெபசீலி. நீ வந்து அழுத்து.”