முழங்காலுக்கு இரட்டைப் பொயின்ற்ஸ்

குருநகர் லூர்த்தம்மாவின் வலது முழங்கால் ஒப்பரேசனுக்கு யார் காசு கட்டுவது என்று மகன்மார் இருவரும் வட்ஸ்அப்பில் அடிபட்டார்கள்.

"என்ரை பிளேன் கொம்பனிக் கார்ட்டிலை கட்டுறன். இந்தக் கனடாக் கார்ட்டுக்கு ஆஸ்பத்திரிச் செலவெண்டால் இரட்டைப் பொயின்ற்ஸ்," என்றான் ஜெறோம்.

"என்ரை லண்டன் கார்ட்டிலை இவ்வளவு காசு கட்டினால், ஒரு பிளேன் ரிக்கெற் எடுக்க மற்றது சும்மா அண்ணை. நான்தான் கட்டுவன்," என்றான் எமில்ராஜ்.

லூர்த்தம்மாவுக்கு விளங்கியது ஒன்றுதான். பொயின்ற்ஸ் சேர்ந்தால் பிள்ளைகள் காசில்லாமல் பறந்து வரலாம். முகம் கண்டு ஆறு வருடம். வெட்டினால் வெட்டட்டும் என்று சம்மதித்தவள், நொண்டி நொண்டி அயல்முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

டொக்டரோ எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒப்பரேசன் தேவையில்லை அம்மா. குளிசையும் பயிற்சியும் காணும்."

செய்தி கேட்டு இரண்டு நாடுகளும் சண்டையை நிறுத்தின.

"அதுக்காக வராமல் விட்டிடாதேங்கோ ராசா," என்று கெஞ்சினாள்.

"யாழ்ப்பாணத்துக்கோ? மார்கழிக்கு நாங்கள் பாலித்தீவுக்கெல்லோ போறம்," என்றான் எமில்ராஜ்.

"பாலிக்குப் பறக்க எனக்கு நாலாயிரம் பொயின்ற்ஸ்தான் குறையுது," என்று பெருமூச்சுவிட்ட ஜெறோமின் குரலில் திடீரென்று பாசம் பொங்கியது. "அம்மா, இடது முழங்காலையும் ஒருக்கா டொக்டருக்குக் காட்டிப் பாருங்கோவன்."