தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள்

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் நின்றிருந்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பரிசோதனைத் தாளோடு வந்தார்.

"நீர்க்கடுப்புன்னுதான் சேர்த்தீங்க. இப்ப கிருமி ரத்தத்துலயே கலந்துடுச்சு. எந்த ஆன்டிபயாடிக் மருந்துக்கும் அடங்க மாட்டேங்குது. உண்மையைச் சொல்லுங்க, சளி, காய்ச்சல்னா நீங்களாவே கடையில மாத்திரை வாங்கிக் கொடுப்பீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்ல டாக்டர்! தலைவலிக்குக்கூட மாத்திரை போட மாட்டா. வெந்நீர் குடிச்சே சமாளிச்சுடுவா."

"அப்புறம் எப்படி? சிப்ரோஃப்ளாக்சசின் கேக்கல, டாக்ஸிசைக்ளின் கேக்கல..."

அவன் இடைமறித்தான்.

"கொலிஸ்டின்?"

டாக்டர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அதுவும் கேக்கல. வேற வழியே இல்லைன்னாதான் அதை எடுப்போம். அந்தப் பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க கோழிப்பண்ணையில... மூட்டை மூட்டையா இருக்கு டாக்டர். நீங்க சொன்ன ரெண்டும் சேர்த்து மூணுமே."

"அவ்வளவு கோழிக்கும் சீக்கா?"

"சீக்கெல்லாம் இல்ல. வந்துடக் கூடாதேன்னு தினமும் தண்ணித் தொட்டியில கலந்து விடறோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோழி வயித்துலயே கிருமி எல்லா மருந்துக்கும் பழகியிருக்கு. அதுதான் எச்சத்துலயும் வரும். கொட்டகையைக் கூட்டி, எச்சத்தை அள்ளறது யாரு?"

அவன் கண்ணாடிக் கதவைக் காட்டினான்.